கார் கிட் கேள்வி பதில்: பாடி, பெயின்ட், டெக்கல், பழைய பெட்டி

பிளாஸ்டிக் கார் கிட் (பாகங்களாக வந்து நாமே கட்டும் குட்டிக் கார்) பற்றி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வருபவற்றை எடுத்திருக்கிறேன். பாதிக்கு மேல் பெயின்ட் பற்றியவை. பீரங்கி வண்டி கட்டுகிறவர் தப்பைச் சேறு பூசி மறைத்துவிடலாம். காருக்கு அந்த வசதி இல்லை. பளபளப்பு எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணா, இதுவரை ஒரு கிட்கூட கட்டியதில்லை. எதில் தொடங்கலாம்?

பசையும் பெயின்டும் வேண்டாம் என்றால் ஜப்பானிய நிறுவனமான ஆவோஷிமாவின் 1/32 (உண்மைக் காரின் 32-இல் ஒரு பங்கு) ஸ்னாப் கிட் வாங்குங்கள். சுசுகி ஜிம்னி நல்ல தேர்வு. பாகங்கள் வண்டியின் நிறத்திலேயே வார்க்கப்பட்டிருக்கும், அழுத்தினால் பொருந்தும். ஒரு மாலையில் முடிந்துவிடும். வெட்டுவது, முனையைத் தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது ஆகிய மூன்றும் அதிலேயே பழகிவிடும்.

பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இன்னொரு ஜப்பானிய நிறுவனமான டமியாவின் 1/24, அதிலும் எஞ்சின் இல்லாத கிட். மஸ்டா எம்எக்ஸ்-5 போன்றவை. லாஃபெராரி மாதிரி எஞ்சினோடு வரும் பெட்டி ஆசையைத் தூண்டும். ஆனால் அதில் பாகங்களும் நிறங்களும் பல மடங்கு. முதல் கிட் பாதியில் நின்று பரணுக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

கருவி: ஸ்ப்ரூ (பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டம்) கட்டர், கத்தி, 400, 600, 1000 எண் வாட்டர் பேப்பர், டமியா எக்ஸ்ட்ரா தின் பசை, மாஸ்கிங் டேப். நகவெட்டியால் பாகத்தைப் பிய்க்காதீர்கள், பிளாஸ்டிக் வெளுத்துப்போகும். பாகத்திலிருந்து 2 மி.மீ. தள்ளி முதல் வெட்டு, ஒட்டி இரண்டாவது வெட்டு, மிச்சத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும்.

1/24, 1/25 என்று இரண்டு அளவு எதற்கு? ஒரே அலமாரியில் சேர்த்து வைக்கலாமா?

1/24 அடி-அங்குலக் கணக்கு: ஓர் அடிக்கு அரை அங்குலம். 1/25 அமெரிக்கப் பழக்கம். டீலர்களுக்காகச் செய்த விளம்பர மாடல்கள் அந்த அளவில் இருந்தன, ஏஎம்டி போன்ற அமெரிக்க நிறுவனங்களின் கிட்டும் அதே வழியில் வந்தது. ஜப்பானியக் கிட்டுகள் பெரும்பாலும் 1/24. நாலரை மீட்டர் கார் 1/24-இல் 187.5 மி.மீ., 1/25-இல் 180 மி.மீ. அலமாரியில் யாருக்கும் தெரியாது. ஒரு கிட்டின் சக்கரத்தை இன்னொன்றில் மாட்டும்போதுதான் உறுத்தும்.

சார், டமியா ஸ்ப்ரே டப்பாவை கூரியரில் அனுப்ப மாட்டேன் என்கிறார்கள். ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே அடிக்கலாமா?

அழுத்தமேற்றிய, தீப்பிடிக்கும் டப்பாவை விமானத்தில் ஏற்றுவது கடினம். அதனால்தான் இந்தச் சிக்கல். சிலர் தரைவழியாக அனுப்புவார்கள், கேட்டுப் பாருங்கள்.

ஹார்டுவேர் கடை ஸ்ப்ரே உண்மையான காரின் இரும்புத் தகட்டுக்காகச் செய்தது. அதன் கரைப்பான் வெறும் ஸ்டைரீனை (கிட்டின் பிளாஸ்டிக்) கடித்து, மேற்பரப்பில் சிலந்திவலை போல வெடிப்பு விழச் செய்யும். மாடல் பிரைமர் (நிறத்துக்கு அடியில் பூசும் அடிப்பூச்சு) இரண்டு கோட் போட்டு, நன்றாகக் காய்ந்தபின், மிக மெல்லிய பனிக்கோட்டாக அடித்தால் தப்பிக்க வாய்ப்பு உண்டு. அதையும் முதலில் ஸ்ப்ரூ சட்டத்தின் மேல் சோதியுங்கள். பட்டறையில் கிடைக்கும் என்சி தின்னரை மாடல் பெயின்டில் கலக்கவே வேண்டாம், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தூவும் கருவி) கழுவ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து கிட் கட்டப்போகிறீர்கள் என்றால் 0.3 மி.மீ. ஊசியுள்ள ஏர்பிரஷ்ஷும் தொட்டியோடு கூடிய சிறு கம்ப்ரெசரும் வாங்குவதே மேல். டமியா எல்பி லாக்கர் (வேகமாகக் காயும் பெயின்ட்) என்றால் ஒரு பங்குக்கு ஒன்றிலிருந்து ஒன்றரைப் பங்கு தின்னர், காற்றழுத்தம் 15 முதல் 20 பிஎஸ்ஐ.

ஃபெராரிச் சிவப்பு கண்ணாடி மாதிரி வர வேண்டும். முழு வரிசையையும் சொல்லுங்கள் அண்ணா.

முதல் வேலை பெயின்ட் இல்லை. பாடியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மட்கார்டின் மேலும் கூரைத் தூண்களின் மேலும் மெல்லிய வார்ப்புக்கோடு ஓடும். கத்தியின் முதுகால் சுரண்டி 600, 1000 எண் தாளில் தேய்த்து எடுங்கள். இதை விட்டால் கடைசிப் பாலிஷில்தான் தெரியும், அப்போது எதுவும் செய்ய முடியாது.

அடுத்து, கதவு, பானெட், டிக்கிக் கோடுகளை ஸ்க்ரைபரால் ஆழப்படுத்த வேண்டும். பிரைமர், நிறம், கிளியர் (நிறமற்ற பளபளப்புப் பூச்சு) என்று ஏழெட்டுப் படலம் விழும்போது கோடு தூர்ந்துபோகும். மூன்று நான்கு முறை லேசாக இழுத்தால் போதும். ஒரே இழுப்பில் ஆழம் தேடினால் கருவி வழுக்கிக் கதவில் கீறல் போடும்.

பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் கொண்டு கழுவிக் காயவையுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கப் பூசிய எண்ணெயும் கைரேகையும் போய்விடும். பிறகு பிரைமர். சிவப்புக்கு அடியில் டமியாவின் இளஞ்சிவப்புப் பிரைமர் சிறந்தது. சாம்பல் பிரைமரின் மேல் சிவப்பு மங்கும், மூடுவதற்காகக் கூடுதல் கோட் அடிப்பீர்கள், கோடுகள் தூரும். இரண்டு மெல்லிய கோட் போட்டபின் குறைகள் கண்ணில் படும். சரிசெய்து மீண்டும் அங்கே மட்டும் பிரைமர்.

நிறம் டிஎஸ்-8 இத்தாலியன் ரெட். 20 முதல் 25 செ.மீ. தூரம். ஸ்ப்ரேயைப் பாடிக்கு வெளியே தொடங்கி வெளியே முடிக்க வேண்டும். முதல் கோட் அடிப்பரப்பு தெரியும்படி பனி மாதிரி. 15, 20 நிமிடம் கழித்து இரண்டாவது. மூன்றாவது மட்டும் கொஞ்சம் ஈரமாக. தூசி விழுந்தால் ஈரத்தில் தொடாதீர்கள். காய்ந்தபின் 2000 எண் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு மேல் கோட் அடிக்கலாம். (மெட்டாலிக் நிறத்தில் இது கூடாது, தேய்த்த இடத்தில் வெள்ளித்துகள் திசைமாறித் திட்டுத் தெரியும். அங்கே தேய்ப்பெல்லாம் கிளியரில்தான்.)

ஒரு நாள் காயவிட்டு டெக்கல் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சுப்படம்). டெக்கல் காய்ந்தபின் டிஎஸ்-13 கிளியர்: இரண்டு பனிக்கோட், பிறகு இரண்டு ஈரக்கோட். இப்போது ஒரு வாரம் சும்மா இருக்க வேண்டும். பாடியை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். தின்னர் வாசம் வருகிற வரை உள்ளே காயவில்லை. அவசரப்பட்டுப் பாலிஷ் செய்தால் அன்று மின்னும், கரைப்பான் போகப்போகப் படலம் இறுகி ஆரஞ்சுத் தோல் போன்ற மேடுபள்ளம் திரும்பி வரும்.

பாலிஷ்: தண்ணீரோடு 3000, 4000, 6000, 8000, பிறகு டமியா காம்பவுண்ட் (பாலிஷ் பசை) மூன்று வகை, கரடு முதல் ஃபினிஷ் வரை. கூர்முனைகளில் பெயின்ட் மெல்லியதாக நிற்கும், இரண்டு தேய்ப்பில் பிரைமர் எட்டிப்பார்க்கும். கதவு விளிம்பு, மட்கார்டு உச்சி, ஸ்பாய்லர் முனை எல்லாவற்றிலும் 1 மி.மீ. டேப் ஒட்டிவிட்டு நடுப்பரப்பைத் தேயுங்கள். சன்னலைச் சுற்றிய கறுப்பு, பாலிஷ் முடிந்தபின் மாஸ்க் செய்து அடிப்பது.

சென்னையில் ஐப்பசி மழையில் கறுப்பின் மேல் கிளியர் அடித்தேன், பால் ஊற்றினாற்போல் வெளுத்துவிட்டது. பாடி போச்சா?

போகவில்லை. லாக்கரின் கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து படலத்துக்குள் மாட்டிக்கொள்கிறது. ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டினாலே எச்சரிக்கை. ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கிப் பெயின்ட் மேசையில் வையுங்கள், ஒரு டப்பா கிளியரை வீணாக்குவதைவிட மலிவு.

சரிசெய்ய: நன்றாகக் காயவிட்டு, வறண்ட நாள் பார்த்து, மிஸ்டர் கலர் லெவலிங் தின்னரை மட்டும் ஏர்பிரஷ்ஷில் மெல்லிய பனியாக அடியுங்கள். மேற்படலம் இளகி ஈரம் வெளியேறும், வெண்மை மறையும். ஈரம் சொட்டும்படி அடித்தால் டெக்கல் கரையும், கவனம். ஏர்பிரஷ் இல்லையென்றால் வறண்ட நாளில் மெல்லிய கிளியர் கோட் ஒன்று பெரும்பாலும் வேலை செய்யும்.

சித்திரை வெயிலில் கதை தலைகீழ். துளி பாடியைத் தொடுமுன்பே பாதி காய்ந்து உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக விழும். விடியற்காலையில் அடியுங்கள், தூரத்தை இரண்டு மூன்று செ.மீ. குறையுங்கள். டப்பாவை வெதுவெதுப்பான நீரில் வைக்கும் வழக்கம் குளிர்நாட்டுக்கானது. நம் கோடையில் தேவையே இல்லை.

சிவப்பு பிளாஸ்டிக்கில் வெள்ளை அடித்தேன், நாலு கோட் ஆகியும் ரோஸ் நிறமாகவே இருக்கிறது.

நாற்பது கோட் அடித்தாலும் இருக்கும். பிளாஸ்டிக்கின் சிவப்புச் சாயத்தை லாக்கர் கரைத்து மேலே இழுக்கிறது, ஒவ்வொரு கோட்டும் மறுபடி இழுக்கும். நடுவில் ஒரு தடுப்பு வேண்டும்: சில்வர் ஒரு முழுக் கோட், காய்ந்தபின் வெள்ளைப் பிரைமர், பிறகு வெள்ளை. இப்போது அடித்திருப்பதை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிடுங்கள். கண்ணாடிப் பாகங்களை அதில் போடாதீர்கள்.

டெக்கலைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுக்குகிறதே, ஏன்?

அடியில் காற்று. பரப்பு சொரசொரப்பாக இருந்தால் டெக்கல் மேடுகளின் மேல் மட்டும் உட்காரும். எப்போதும் பளபளப்பான பரப்பில் ஒட்டுங்கள். அடியில் மைக்ரோ செட் (ஒட்ட உதவும் திரவம்), இடத்தில் அமர்ந்தபின் மேலே மைக்ரோ சோல் (டெக்கலை இளக்கும் திரவம்). சோல் போட்டதும் டெக்கல் சுருங்கிக் கோரமாகத் தெரியும். பயந்து விரலை வைத்தால் கிழியும், அப்படியே விட்டால் தானாக இழுத்துக்கொண்டு படியும். ஏற்கெனவே வெள்ளி தெரிகிற இடத்தில் ஊசியால் ஐந்தாறு துளை போட்டு மைக்ரோ சோல் ஒரு சொட்டு.

கிளியர் அடித்ததும் டெக்கல் சுருங்கியது என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். முதல் கோட்டையே ஈரமாக அடித்ததுதான் காரணம். அது திரும்ப வராது.

கண்ணாடியை ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், உள்ளே வெள்ளைப் புகை படிந்துவிட்டது.

அந்தப் பசையின் ஆவி கைரேகையிலும் ஈரத்திலும் படிந்து இறுகுவது அது. கை எட்டினால் காம்பவுண்டால் தேய்த்து எடுக்கலாம். அடுத்த முறை ஃபெவிகால் மாதிரி வெள்ளைப் பசை போதும். காய்ந்தால் நிறமற்றுப்போகும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

சேஸி முடிந்ததும் மூன்று சக்கரம்தான் தரையில் நிற்கிறது.

தனித்தனியாக ஒட்டிக் காயவிட்டதன் விளைவு. சஸ்பென்ஷன் பாகங்களை ஒட்டியவுடன், பசை இளகியிருக்கும்போதே சக்கரங்களை மாட்டி, தட்டையான கண்ணாடித் துண்டின் மேல் வைத்து, மேலே சிறு எடை ஏற்றி இரவு முழுக்க விட வேண்டும். டமியா 1977-இல் 1/20 வரிசையைத் தொடங்கிய டைரல் பி34-இல் ஆறு சக்கரம். 1976 ஸ்வீடன் ஃபார்முலா 1 பந்தயத்தில் முதல் இரண்டு இடங்களைப் பிடித்த வண்டி அது. அதைக் கட்டுகிறவர்களுக்குக் கண்ணாடித் துண்டு கட்டாயம்.

அண்ணை, யாழ்ப்பாணத்தில் பழைய கிட் ஒன்று கிடைச்சது. டெக்கல் மஞ்சளாப் போட்டுது, டயர் பட்ட இடத்தில் கண்ணாடி உருகிக் கிடக்கு. பாவிக்கலாமோ?

டயரின் வினைலில் இருக்கும் மென்மையாக்கி ஸ்டைரீனைக் கரைக்கும். பெட்டியில் எந்தப் பழைய கிட் வந்தாலும் முதல் நாளே டயர்களைத் தனிப் பையில் போடுங்கள். உருகிய கண்ணாடி ஆழமில்லை என்றால் 1000-இல் தொடங்கி 8000 வரை தேய்த்து மீட்கலாம். கட்டும்போது ரிம்முக்கும் டயருக்கும் நடுவே குழாய்க்காரர் சுற்றும் டெஃப்லான் டேப் ஒரு சுற்று.

டெக்கல் தாளை ஜிப் பையில் போட்டு வெயில் படும் சன்னலில் ஒட்டுங்கள். ஓரிரு வாரத்தில் மஞ்சள் வெளுக்கும். நிறங்களும் வெளுக்கக்கூடும் என்பதால் இரண்டு நாளுக்கொருமுறை பாருங்கள். பிறகு தேவையில்லாத ஒன்றைத் தண்ணீரில் போட்டுச் சோதியுங்கள். நொறுங்கினால் தாள் முழுவதும் கிளியர் அடியுங்கள். அப்புறம் ஒவ்வொரு டெக்கலையும் விளிம்பு ஒட்டி நீங்களேதான் வெட்ட வேண்டும்.

சேகரிப்பதற்காகப் பெட்டி திறக்காமல் வாங்கி வைக்கிறேன். விலை ஏறுமா?

நம்ப வேண்டாம். அச்சு நிறுவனத்திடம் இருக்கும்வரை அதே கிட் புதுப் பெட்டியில் எந்த வருடமும் திரும்ப வரலாம், வந்த அன்றே பழைய பெட்டியின் விலை இறங்கும். விலை தாங்குவது பழைய டெக்கல் உள்ள பந்தயக் கார்கள்தான். மார்ல்பரோ, கேமல் போன்ற சிகரெட் பெயர்கள் பல மறுவெளியீடுகளில் இருக்காது. அந்தத் தாளைத் தனியாக வேறு நிறுவனங்களும் அச்சிடுகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பரணில் வைக்காதீர்கள். ஓட்டு வீட்டுப் பரணின் கோடைச் சூட்டில், மேலே எடை இருந்தால் பாடி வளையும். பெட்டிகளை நாலுக்கு மேல் அடுக்கவும் வேண்டாம்.

பழைய டை-காஸ்ட் (உலோக வார்ப்பு) கார் தானாகவே வெடித்து உதிர்கிறது. ஒட்ட முடியுமா?

துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் வரும் சிதைவு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி பொம்மைக் கார்களில் அதிகம். நிறுத்த வழியில்லை, பக்கத்துக் காருக்குப் பரவவும் செய்யாது. தூக்காமல் அப்படியே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

பெயின்ட் அடிக்கும்போது என்95 முகக்கவசம் போதுமா?

போதாது. அது துகளைத்தான் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. கரிம ஆவி வடிகட்டி பொருத்திய அரைமுகக் கவசம் வேண்டும். அதைப் போட்டிருக்கும்போது லாக்கர் வாசம் வந்தால் வடிகட்டி தீர்ந்துவிட்டது அல்லது கன்னத்தில் சரியாகப் பொருந்தவில்லை. தாடி இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது.