எத்தனை தலை உயரம்?

அன்புள்ள அக்காவுக்கு,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வயது 26. இரண்டு வருடமாக யூடியூப் பார்த்துப் படம் வரையப் பழகுகிறேன். ஆண்களை வரைந்தால் ஓரளவு வந்துவிடுகிறது. பெண்களை வரையும்போதுதான் சிக்கல். உடலின் உயரம் தலையின் நீளத்தைப் போல எட்டு மடங்கு, அதாவது எட்டுத் தலை உயரம் என்று கணக்குப் போட்டு, கோடு கிழித்து, அதற்குள்தான் வரைகிறேன். அம்மா பார்த்துவிட்டு, "ஆம்பளைக்குச் சேலை கட்டிவிட்ட மாதிரி இருக்கே" என்கிறார். சரி என்று இடுப்பை ஒடுக்கினால் துணிக்கடைப் பொம்மை ஆகிவிடுகிறது. மாடலை வைத்து வரைய எனக்கு வழியில்லை. எதுதான் சரியான அளவு? கை கால் மடக்கும் மரப்பொம்மை ஒன்று வாங்கினால் உதவுமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்.

அன்புள்ள தங்கைக்கு,

அம்மா சொன்னது சரி. படம் வரையாதவர்களின் கண்ணை நான் எப்போதும் நம்புவேன். எங்கே தப்பு என்று அவர்களுக்குச் சொல்ல வராது, தப்பு இருக்கிறது என்பது மட்டும் சட்டென்று தெரிந்துவிடும்.

எட்டுத் தலை என்பது அழகுக்காக நீட்டி வைத்த அளவு. நம்மில் பெரும்பாலோர் ஏழு, ஏழரைத் தலை உயரம்தான். உடை வடிவமைப்பவர்கள் ஒன்பதுக்கும் மேலே போவார்கள், துணி நீளமாக விழ வேண்டும் அவர்களுக்கு. உங்கள் அம்மாவை எட்டுத் தலைக்குள் வரைந்தால் தலை சிறுத்து, கால் நீண்டு, அவர் வேறு யாரோ ஆகிவிடுவார்.

ஆல்பிரெக்ட் டியூரர் என்ற ஜெர்மன் ஓவியருக்கும் உங்கள் கேள்விதான் இருந்தது. 1500ஆம் ஆண்டை ஒட்டி, யாக்கபோ தெ பர்பாரி என்ற வெனிஸ் ஓவியர், அளவு வைத்து வரைந்த ஓர் ஆணையும் பெண்ணையும் அவருக்குக் காட்டினார். எப்படி அளந்தார் என்பதை மட்டும் சொல்லவில்லை. அந்த ஏக்கம் டியூரரைக் கடைசிவரை விடவில்லை. ஒரே ஒரு சரியான அளவு எங்கோ இருக்கிறது, கண்டுபிடித்துவிடலாம் என்று காம்பஸும் அளவுகோலுமாக உட்கார்ந்தார். 1504இல் செப்புத் தகட்டில் செதுக்கிய ஆதாம் ஏவாள் படம் அந்தத் தேடலில் பிறந்தது. அப்புறம் நிஜமான ஆண்களையும் பெண்களையும் அளந்துகொண்டே போனார். அவர் இறந்து சில மாதங்களில், 1528இல், உடல் அளவுகளைப் பற்றிய அவருடைய நான்கு பாக நூல் அச்சாகி வந்தது. அதில் அந்த ஒரே பெண் இல்லை. ஏழு தலை உயரத்தில் பருத்த பெண்ணில் தொடங்கி, பத்துத் தலை உயரத்தில் ஒடிசலான பெண்வரை பலர் வரிசையாக நிற்கிறார்கள். அழகு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது என்றும் அவர் எழுதிவைத்தார். ஏறக்குறைய முப்பது வருடம் அளந்தவர் வந்து சேர்ந்த இடம் அது. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது இதைப் படித்த பிறகுதான்.

இப்போது உங்கள் படம். ஆண் உருவத்தை வரைந்து, இடுப்பை ஒடுக்கி, சேலை சுற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் தொடங்குகிறார்கள். பெண்ணுடலை இடுப்பெலும்பிலிருந்து தொடங்குங்கள். உடலின் மற்ற பகுதிகளோடு ஒப்பிட்டால் அது ஆணுக்கு இருப்பதைவிட அகலம், சற்று முன்னால் சாய்ந்தும் இருக்கும். அதனால்தான் கீழ்முதுகு அவ்வளவு வளைகிறது. விலாக்கூடு சிறியது. தொடையெலும்புகள் அகலத்தில் தொடங்கி, முழங்காலை நோக்கி உள்ளே சாய்ந்து இறங்கும். உடலின் மிக அகலமான இடம் கொசுவம் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் இல்லை, அதற்கும் நன்றாகக் கீழே. பக்கவாட்டில் தொடையின் மேல்முனையில் கை வைத்தால் ஓர் எலும்பு தட்டுப்படும், அந்த மட்டத்தில். சேலையில் இதைத் தவறவிடுவது சுலபம், மடிப்புகள் கண்ணை மேலே இழுத்துவிடும்.

அப்புறம், எடை எந்தக் காலில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு காலில் சாய்ந்து நிற்கும் பெண்ணுக்கு அந்தப் பக்க இடுப்பு உயரும், அந்தப் பக்கத் தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு விடுவதுபோல் ஒரு கோடு இறக்கினால், அது எடை தாங்கும் பாதத்தில் விழும். நூலில் ஒரு சாவியைக் கட்டினால் போதும், கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கலாம். குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் பெண்ணைக் கவனியுங்கள். இடுப்பு ஒரு பக்கம் தள்ளி, மேலுடம்பு மறுபக்கம் சாய்ந்து, முழு உடம்பும் அந்தக் குழந்தைக்கு இடம் கொடுத்து நிற்கும். அந்தச் சாய்வு கிடைத்துவிட்டால் தலை ஏழா எட்டா என்று யாரும் எண்ணப் போவதில்லை.

வெண்கலச் சிலை வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதிகள் ஒடியோலை என்று ஒன்று வைத்திருப்பார்கள். தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அளவுப்படி மடித்து, மெழுகில் உருவம் பிடிக்கும்போது அந்த மடிப்புகளை வைத்துச் சரிபார்ப்பார்கள். அம்மனுக்கு மத்திம தசதாளம் என்ற சிற்ப அளவு, அதாவது 120 அங்குலம். அந்த அங்குலம் சிலையின் உயரத்தையே பிரித்து எடுப்பது, நம் ஸ்கேலில் இருப்பது இல்லை. அது தெய்வத்துக்கு வகுத்த அளவு. அந்த எண்ணை விட்டுவிட்டு மடிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வரைந்த உருவத்தின் உயரத்துக்கு ஒரு காகிதக் கீற்றைக் கிழித்து இரண்டாக மடியுங்கள். நேராக நிற்கும் உருவத்தில் நடு மடிப்பு தொடைகள் பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் விழ வேண்டும். மறுபடி மடித்தால் மேல் மடிப்பு மார்பின் நடுவில், கீழ் மடிப்பு முழங்காலுக்குச் சற்றுக் கீழே. இதெல்லாம் வரைந்து முடித்த பிறகு. முதலிலேயே கோடு கிழித்துவிட்டால் கண் வேலை செய்யாது.

மாடல் இல்லை என்கிறீர்கள். நான் படித்த இடத்தில் மாடலாக வந்தவர் ஒரு நடுவயது அம்மா. எங்கள் ஆசிரியை பென்சிலைத் தொட விடாமல், முதலில் எங்களைப் பத்து நிமிடம் அவர் நிற்பது போலவே நிற்கச் சொன்னார். மூன்றாவது நிமிடத்தில் எனக்கு இடது இடுப்பு வலித்தது. அன்று வரைந்த படத்தில்தான் முதன்முறையாக ஒரு பெண் தரையில் நின்றாள். பாரிஸில் சூசன் வலடோன் என்று ஒருவர் இருந்தார். ரெனுவார், துலூஸ் லோத்ரெக் போன்ற ஓவியர்களுக்கு மாடலாக நின்றவர், அவர்கள் வரைவதைப் பார்த்துப் பார்த்தே ஓவியரானார். 1923இல் அவர் வரைந்த ஒரு படத்தில், கோடு போட்ட கால்சட்டையும் வாயில் சிகரெட்டுமாக ஒரு பருத்த பெண் கட்டிலில் சாய்ந்திருக்கிறாள். அந்த உடம்பின் கனம் மெத்தையில் எங்கெங்கே இறங்குகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உங்களுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது, வீட்டில் ஒரு கண்ணாடியும் இருக்கும். சமையலறையில் அம்மாவும் இருக்கிறார். கேட்டுவிட்டு வரையுங்கள்.

போன் போட்டோவைப் பார்த்து வரைவதானால் ஓர் எச்சரிக்கை. பக்கத்தில் நின்று முக உயரத்தில் எடுத்தால் தலை பெருத்து, கால் குறுகிவிடும். நாலைந்து மீட்டர் தள்ளி நின்று, போனை இடுப்பு உயரத்தில் பிடித்து, ஜூம் செய்து எடுங்கள்.

மரப்பொம்மை வேண்டாம். அதன் இடுப்பு ஒரு சின்ன மரக்கட்டை, எடை ஒரு காலுக்கு மாறும்போது என்ன நடக்கிறது என்பதை அதனால் காட்ட முடியாது. அந்தப் பணத்துக்குத் தாள் வாங்குங்கள், அம்மா பாத்திரம் தேய்க்கும்போதும் துணி காயப்போடும்போதும் வரைய நிறையத் தாள் வேண்டியிருக்கும்.