பழச்சாறா, டயட் கோலாவா? வெயில் காலக் கேள்விகளுக்குப் பதில்

தஞ்சாவூரில் உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். கத்திரி வெயிலில் என்ன குடிக்கலாம் என்று டெல்டா மாவட்டங்களிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மன்னார்குடி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பழம்தானே என்று தினமும் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிறார். டயட் கோலா வாங்கித் தரவா என்றால் கெமிக்கல் என்கிறார். யார் சொல்வது சரி மேடம்?

இருவர் சொல்வதிலும் பாதி சரி. 240 மி.லி. ஆரஞ்சுச் சாற்றில் சுமார் 110 கலோரியும் 20 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கின்றன. அதே அளவு சாதாரண கோலாவில் ஏறக்குறைய 25 கிராம். ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஜூஸில் ஒரு நாளைக்குப் போதுமான வைட்டமின் சி, நல்ல அளவு பொட்டாசியம், ஃபோலேட் எல்லாம் கிடைக்கும். டயட் கோலாவில் சர்க்கரையும் கிடையாது, சத்தும் கிடையாது. பல்லை அரிக்கும் அமிலம் மட்டும் இரண்டிலும் உண்டு.

நான் அப்பாவுக்குச் சொல்வது, பழத்தையே சாப்பிடுங்கள் என்றுதான். ஒரு டம்ளர் ஜூஸுக்கு மூன்று ஆரஞ்சாவது வேண்டும். மூன்றையும் உரித்து, கொட்டை துப்பி, சுளை சுளையாகத் தின்று பார்க்கச் சொல்லுங்கள், இரண்டாவதிலேயே போதும் என்பார். ஜூஸாக்கினால் நாலு மடக்கில் உள்ளே போய்விடும், நார்ச்சத்து வடிகட்டியிலேயே தங்கிவிடும். உலக சுகாதார நிறுவனமும் பழச்சாற்றுச் சர்க்கரையை நாம் காபியில் போடும் சர்க்கரையோடு சேர்த்தே கணக்கிடுகிறது. அதன் 2015 வழிகாட்டுதல்படி நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்க வேண்டும்.

பாபநாசம்: மாமனார் இன்சுலின் போடுகிறார். வயலுக்குப் போய் வந்ததும் கை நடுங்கி வியர்த்துக் கொட்டியது. வீட்டில் இருந்த டயட் கோலாவைக் கொடுத்தோம், தெளியவே இல்லை. ஏன்?

அதில் சர்க்கரையே இல்லையே அம்மா, எப்படித் தெளியும்? ஜூஸ் மருந்தாகிற நேரம் இதுதான். லோ சுகர், அதாவது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிட்டது என்றால் 15 கிராம் சர்க்கரை உடனே உள்ளே போக வேண்டும். அரை டம்ளர் பழச்சாறோ, தண்ணீரில் கரைத்த மூன்று ஸ்பூன் சர்க்கரையோ போதும். 15 நிமிடம் கழித்துச் சோதித்துப் பாருங்கள், ஏறாவிட்டால் மறுபடி கொடுங்கள். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐக் கூப்பிடுங்கள். வயலுக்குப் போகும்போது அவர் மடியில் நாலு குளுக்கோஸ் மாத்திரை இருக்கட்டும். தயவுசெய்து இதை மறக்காதீர்கள்.

கும்பகோணம்: கரும்புச் சாறு இயற்கைதானே?

இயற்கைதான், சர்க்கரையும் அதே கரும்பிலிருந்துதான் வருகிறது. ஐஸ் போடாத ஒரு டம்ளரில் 25 கிராமுக்குக் குறையாது. சர்க்கரை நோய் இருந்தால் வேண்டாம்.

திருவாரூர்: டயட் பானத்தில் இருக்கும் அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி புற்றுநோய் தரும் என்கிறார்களே?

2023 ஜூலையில் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில் வைத்தது. புற்றுநோய் தரலாம், ஆனால் சான்று போதாது என்பது அதன் பொருள். அதே சமயம் உலக சுகாதார நிறுவனத்தின் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 40 மி.கி. என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அதைத் தாண்ட ஒரே நாளில் 9 முதல் 14 கேன் குடிக்க வேண்டும். எப்போதாவது ஒன்று குடித்ததற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் மட்டும் தொடவே கூடாது.

எடை குறைக்க என்று குடிப்பவர்களுக்கு ஒன்று: 2023 மே மாதம் அந்த நிறுவனமே இவ்வகை இனிப்பூட்டிகளை எடைக் குறைப்புக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்றது, நீண்ட காலப் பலன் தெரியவில்லை என்பதால். ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது என்பதையும் சேர்த்தே சொன்னார்கள்.

நாகப்பட்டினம்: பாக்கெட்டில் 100% பழச்சாறு என்று போட்டிருந்தால் நம்பலாமா?

தண்ணீரை வற்றவைத்த கெட்டிச் சாற்றில் மறுபடி தண்ணீர் கலந்து தயாரிப்பதை அப்படிப் போடக் கூடாது என்று 2024 ஜூனில் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள்.

பட்டுக்கோட்டை: அப்போ எங்க ஊர் இளநீர்?

தாராளமாகக் குடியுங்கள். ஒரு டம்ளருக்கு 50 கலோரிக்குள்தான், சர்க்கரையும் ஜூஸில் பாதிக்கும் குறைவு. நீர்மோர் அதைவிட மலிவு. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இளநீர் குடிக்க வேண்டாம், அதில் பொட்டாசியம் அதிகம்.