முன்பணம் திரும்ப வரவில்லையே?

கேள்வி: வீட்டைக் காலி செய்து மூன்று மாதமாகிறது. சுவர் பாழாகிவிட்டது என்று சொல்லி, குடியிருப்பு நிர்வாகம் முன்பணத்தைத் தர மறுக்கிறது. நீதிமன்றம் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். நானும் இதே வழக்கில் நின்றவள்தான். நிர்வாகத்திடம் தொலைபேசியில் 15 முறையாவது பேசியிருப்பேன். நீதிபதி முன்னால் அதில் ஒன்றுகூட உதவவில்லை. உதவியது, குடிவந்த அன்றே சமையலறைச் சுவரை எடுத்து வைத்த படம். எண்ணெய்க் கறை அப்போதே இருந்தது, படத்தில் தேதியும் இருந்தது.

வெயிலில் வெளுத்த சாயம், நடந்து தேய்ந்த தரை எல்லாம் புழங்குவதால் வரும் தேய்மானம். பல நாடுகளின் வாடகைச் சட்டங்கள் அந்தச் செலவைக் குடியிருந்தவர் தலையில் கட்ட விடுவதில்லை. உடைத்த கதவு வேறு விஷயம். அதனால், எதற்கு எவ்வளவு பிடித்தீர்கள், ரசீது எங்கே என்று கேட்டு, பதிலுக்கு ஒரு கெடுவும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நகல் உங்களிடம் இருக்கட்டும்.

முதல் நாள் எதிர்த்தரப்பு வராமல் என் வழக்கு தள்ளிப்போனது. அழுகையே வந்துவிட்டது. அடுத்த முறை பத்தே நிமிடத்தில் முடிந்தது. அப்புறம், சிறு தொகை வழக்குகளுக்குத் தனி நடைமுறை உள்ள இடங்களில் பெரும்பாலும் வக்கீல் இல்லாமலே பேசலாம். நீதிமன்ற அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.