கோப்புகளின் தேதி மாறுகிறது: ஹார்டு டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: புதிதாக எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கி, லேப்டாப்பில் இருந்த படங்களை அதில் ஏற்றினேன். பேக்கப் மென்பொருளை ஓட்டும்போதெல்லாம், தொடாத படங்களையும் மறுபடி காப்பி செய்கிறது. இரண்டு பக்கமும் நேரத்தைப் பார்த்தால் ஒரு விநாடி வித்தியாசம். ஃபோல்டர்களில் காப்பி செய்த அன்றைய தேதியே விழுந்திருக்கிறது. டிஸ்க்கை மாற்றித் தரச் சொல்லவா, வேறு மென்பொருள் வாங்கவா?

பதில்: இரண்டும் இப்போதைக்கு வேண்டாம். இந்த அறிகுறிகளை வைத்து டிஸ்க் பழுது என்று சொல்ல முடியாது. முதலில் அது எந்த ஃபார்மட்டில், அதாவது கோப்புகளை எழுதி வைக்கும் எந்த முறையில், இருக்கிறது என்று பாருங்கள். அநேகமாக ஃபேட்32 ஆக இருக்கும். அந்த முறையில் கோப்பு மாற்றிய நேரத்தை இரண்டு விநாடிக்கு ஒரு முறைதான் குறிக்க முடியும். 10:15:37 என்ற நேரத்தை விண்டோஸ் 10:15:38 என்று மேலே தள்ளி எழுதும். மென்பொருளோ "நேரம் வேறு, ஆகவே கோப்பும் வேறு" என்று முடிவு கட்டிவிடும். ஃபேட்32 உள்ளூர் நேரத்தையே எழுதி வைப்பதால், நேர மண்டலம் மாறினால் மணிக்கணக்கிலும் வித்தியாசம் வரலாம்.

இதற்குக் காசு செலவில்லை. ரோபோகாப்பி, ஆர்சிங்க் என்ற இலவசக் காப்பி மென்பொருள்களில் ஓரிரு விநாடி வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் விடும் வசதி உண்டு. உங்கள் மென்பொருளின் செட்டிங்ஸிலும் அப்படி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கை எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட்டுக்கு மாற்றலாம். என்டிஎஃப்எஸ் ஒரு விநாடியை ஒரு கோடிப் பங்காகப் பிரித்துக் குறிக்கும். ஆனால் மேக் அதைப் படிக்குமே தவிர, தானாக எழுதாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் பயன்படுத்துவதென்றால் எக்ஸ்ஃபேட் நல்லது. ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் முதலில் வேறிடத்தில் ஒரு நகல் எடுத்துவிடுங்கள்.

ஃபோல்டர் விஷயம் வேறு. பல ஃபார்மட்களில், உள்ளே ஒரு கோப்பு சேர்ந்தாலே ஃபோல்டரின் தேதி புதுப்பிக்கப்படும். ஆகவே எல்லாக் கோப்புகளும் போய்ச் சேர்ந்த பிறகு, கடைசியாகத்தான் மென்பொருள் ஃபோல்டருக்குப் பழைய தேதியைப் போட வேண்டும். கோப்புக்கும் இதே வரிசைதான்: எழுதி, மூடி, அப்புறம்தான் நேரத்தை வைக்க வேண்டும். நெட்வொர்க் டிஸ்க்குகளில் இது இன்னும் முக்கியம். எழுதாமல் நினைவகத்தில் தங்கியிருந்த தரவு பின்னால் போய்ச் சேரும்போது, அப்படி வைத்த நேரத்தை அழித்துவிடும் கோளாறு சில இயங்குதளங்களில் இருந்திருக்கிறது.

நேரத்தை வைத்த கையோடு சரிபார்ப்பதும் போதாது. லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்புகளில் நினைவகம் துல்லியமான நேரத்தைக் காட்டும். டிஸ்க்கில் பதிவதோ குறைந்த துல்லியம். டிஸ்க்கை முறைப்படி எஜெக்ட் செய்து, மறுபடி செருகிப் பாருங்கள். அப்போது தெரிவதுதான் உண்மையான நேரம்.

இத்தனைக்குப் பிறகும் மென்பொருள் எல்லாவற்றையும் திரும்பக் காப்பி செய்தால், அதை மாற்றத்தான் வேண்டும். புதியதை வாங்கும் முன் சோதனைப் பதிப்பை இறக்கி, பத்துக் கோப்புகளோடு ஒரு ஃபோல்டரை இரண்டு முறை பேக்கப் செய்யுங்கள். இரண்டாம் முறை அது எதையுமே காப்பி செய்யக் கூடாது.

கேள்வி: போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிய படங்களெல்லாம் மாற்றிய நாளின் தேதியைக் காட்டுகின்றன. தேதியை மீட்டுத் தரும் மென்பொருளை விலைக்கு வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். கேமரா எடுத்த படத்துக்குள்ளேயே எக்ஸிஃப் என்ற குறிப்பில் எடுத்த தேதி இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதை எடுத்துக் கோப்பின் தேதியாக வைத்துவிடும். முதலில் சில நகல்களில் ஓட்டிப் பார்த்துவிட்டு மொத்தத்துக்கும் போங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களில் இந்தக் குறிப்பு பொதுவாக இருக்காது. ஆண்ட்ராய்டு போன் என்றால் கோப்பின் பெயரிலேயே வந்து சேர்ந்த தேதி இருக்கும், அதை வைத்துக்கொள்ளலாம்.