ஆறடியை எப்படி அளப்பது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொரோனா ஊரடங்கில் கடை, லிஃப்ட், வேலையிடம், வீடு என அன்றாட இடங்களில் தனிமனித இடைவெளியைக் கடைப்பிடிப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: உலக சுகாதார நிறுவனம் ஒரு மீட்டர் என்கிறது. வேறு சிலர் ஆறடி என்கிறார்கள். எதைப் பின்பற்றுவது? போகிற இடமெல்லாம் டேப்பை வைத்து அளக்கவா முடியும்?

பதில்: முடிந்த இடத்திலெல்லாம் ஆறடியையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டர் என்பது உலக சுகாதார நிறுவனம் சொன்ன குறைந்தபட்சம். ஆறடி, அதாவது சுமார் 1.8 மீட்டர், அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் பரிந்துரைத்தது. பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் பெரிய துளிகளில் பெரும்பாலானவை இந்தத் தூரத்துக்குள் கீழே விழுந்துவிடும் என்பதுதான் கணக்கு.

அளக்க டேப் வேண்டாம். இருவர் எதிரெதிரே நின்று கையை நீட்டி, விரல் நுனிகள் தொட்டுக்கொண்டால் நடுவில் இருப்பது ஏறத்தாழ 1.4 மீட்டர். நுனிகளுக்கு இடையே இன்னும் ஒரு முழம் விட்டால் ஆறடி. தரையில் 60 சென்டிமீட்டர் டைல்ஸ் பதித்திருந்தால் மூன்று கட்டம். இடைவெளியை முகத்துக்கும் முகத்துக்கும் நடுவே பார்க்க வேண்டும். பலரும் கால்களைப் பார்த்தே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். நாற்காலிகள் தள்ளியே இருந்தாலும், குனிந்து ஒரே போனைப் பார்க்கிற இருவருக்கு நடுவே இடைவெளி இல்லை.

எல்லாத் துளிகளும் விழுந்துவிடுவதும் இல்லை. மிக நுண்ணியவை காற்றிலேயே மிதக்கும். மூடிய அறையின் ஒரு மூலையில் ஒருவர் சிகரெட் பிடித்தால் எதிர்மூலைக்கும் நெடி போவதுபோல, அவை அறை முழுக்கப் பரவும். அதனால் திறந்தவெளியில் ஆறடி தரும் பாதுகாப்பை, ஜன்னல் சாத்திய அறையில் அதே ஆறடி தராது. தூரம், நேரம், காற்று, முகக்கவசம் நான்கையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கேள்வி: கடை வாசலில் ஆறடிக்கு ஒன்றாக வட்டம் போட்டிருக்கிறேன். முதல் சில நாட்கள் நின்றார்கள். இப்போது மறுபடியும் நெருக்கியடிக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வட்டங்கள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். வெயிலில் போட்ட வட்டத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். பக்கத்து நிழலில்தான் கூடுவார்கள். வரிசையை நிழல் இருக்கும் பக்கமாகத் திருப்புங்கள், அல்லது வரிசைக்கு மேல் ஒரு பந்தல் போடுங்கள். சாக்பீஸ் கோடு ஓரிரு நாளில் அழிந்துவிடும், பெயிண்ட் நல்லது.

அடுத்தது வெளியேறும் வழி. பொருள் வாங்கியவர் வந்த வழியாகவே திரும்பினால், வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் உரசிக்கொண்டுதான் போவார். இரண்டு வாசல் இருந்தால் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. ஒரே வாசல் என்றால் வரிசையை வாசலுக்கு நேராக வைக்காமல் சுவரோரமாகப் பக்கவாட்டில் திருப்புங்கள். முதல் வட்டம் வாசலிலிருந்து ஆறடி தள்ளியே தொடங்கட்டும்.

மூன்றாவது இடம் பணம் கட்டும் மேசை. பணம் கட்டியவர் அங்கேயே நின்று பையில் பொருள்களை அடுக்குவார், அடுத்தவர் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வார். சற்றுத் தள்ளி, பை அடுக்குவதற்கென்றே ஒரு சின்ன மேசை போட்டால் இது பாதி தீரும். மேசையில் கண்ணாடித் தடுப்பு வைத்திருந்தால், அது இருவர் தலையையும் தாண்டி இரு பக்கமும் அகலமாக இருக்க வேண்டும். குறுகலாக இருந்தால், குரல் கேட்கவில்லை என்று ஆட்கள் பக்கவாட்டில் எட்டிப் பேசுவார்கள். அப்போது தடுப்பால் பயன் இல்லை. அதே நேரம் கூரைவரை மூடிக் காற்றோட்டத்தை அடைத்துவிடவும் கூடாது.

உள்ளே எத்தனை பேர் என்பதைக் கணக்குப் போட்டு முடிவு செய்யுங்கள். ஆளுக்கு 4 சதுர மீட்டர் வேண்டும். கடை 8 மீட்டருக்கு 5 மீட்டர் என்றால் 40 சதுர மீட்டர். அலமாரிகளும் மேசையும் பாதி இடத்தை எடுத்துக்கொண்டால் மிச்சம் 20. அதில் 5 பேர்; உங்களையும் உதவியாளரையும் கழித்தால் வாடிக்கையாளர் மூவர் மட்டுமே. மூன்று அட்டைகளை வாசலில் தொங்கவிடுங்கள். உள்ளே வருபவர் ஒன்றை எடுத்துக்கொண்டு, போகும்போது மாட்டிவிட்டுப் போகட்டும். அட்டை இல்லையென்றால் காத்திருக்க வேண்டும். தலையை எண்ணிக்கொண்டே இருக்கத் தேவையில்லை, யாரிடமும் கோபப்படவும் வேண்டாம்.

கேள்வி: லிஃப்டில் ஆறடி எப்படி விடுவது?

பதில்: விட முடியாது. முடிந்தவர்கள் படியேறுங்கள், அப்போதுதான் முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் லிஃப்ட் காலியாகக் கிடைக்கும். ஏறியே ஆக வேண்டுமென்றால் ஒரு வீட்டார் மட்டும், முகக்கவசத்தோடு, பேசாமல். போனில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால் முடித்துவிட்டு ஏறுங்கள். மூடிய சிறு பெட்டிக்குள் பேச்சைத் தவிர்ப்பது பெரிய பாதுகாப்பு. பொத்தானைத் தொட்ட விரல் முகத்துக்குப் போகாமல் இருக்கட்டும். இறங்கியதும் கை கழுவுங்கள்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மேசைகளைத் தள்ளிப் போட்டோம், எல்லோரும் முகக்கவசம் போட்டோம், வாசலில் வெப்பமானியும் உண்டு. ஆனாலும் நான்கு பேருக்கு வந்துவிட்டது. எப்படி?

பதில்: நீங்கள் எழுதாத ஓர் இடம் இருக்கிறது: சாப்பிடும் அறை. எல்லோரும் ஒரே நேரத்தில் முகக்கவசத்தைக் கழற்றி, நெருங்கி உட்கார்ந்து, பேசிச் சிரிக்கும் அரை மணி நேரம் அங்கேதான் நடக்கிறது. நோயுற்றவரின் ஆறடிக்குள், ஒரே நாளில் மொத்தம் 15 நிமிடம் இருந்தாலே நெருங்கிய தொடர்பு என்று கணக்கில் எடுக்கப்பட்டது. ஐந்தைந்து நிமிடமாக மூன்று முறை பேசினாலும் அதே 15தான்.

2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் கவுண்டியில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர், அறிகுறி இருந்தவர் ஒருவர். முடிவில் அவரையும் சேர்த்து 53 பேர் நோயாளிகள். 33 பேருக்குப் பரிசோதனையில் உறுதியானது, 20 பேர் அறிகுறிகளை வைத்துக் கணக்கிடப்பட்டவர்கள். மூடிய அறை, நீண்ட நேரம், உரத்த குரல் மூன்றும் சேர்ந்தால் இப்படி ஆகும். அதே ஆண்டு ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத உணவகமொன்றில் அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களில் 10 பேருக்கு நோய் வந்தது. ஏசி காற்று அந்த மேசைகளுக்கு இடையே சுழன்றதே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள்.

ஆகவே சாப்பாட்டை முறைவைத்துப் பிரியுங்கள். எதிரெதிரே அமராமல், ஆளுக்கொரு மேசையில் ஒரே பக்கம் பார்த்து உட்காருங்கள். சாப்பிட்டு முடித்து, முகக்கவசம் போட்ட பிறகு பேச்சு. ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக்காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும், வெளிக்காற்றைக் கொண்டுவராது. ஏசி ஓடினாலும் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். மின்செலவு கூடும், கூடட்டும்.

வெப்பமானியை நம்பி மற்றதைத் தளர்த்தாதீர்கள். அறிகுறி தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவரிடமிருந்து நோய் பரவலாம். அப்போது அவருக்குக் காய்ச்சலே இருக்காது.

கேள்வி: வீட்டில் ஒருவருக்குத் தொற்று. மருத்துவர் வீட்டிலேயே இருக்கலாம் என்றார். ஒரே ஒரு கழிவறைதான் இருக்கிறது. மற்ற நால்வரும் எப்படித் தப்பிப்பது?

பதில்: கடினம்தான், ஆனால் முடியும். ஜன்னல் உள்ள அறையை நோயாளிக்குக் கொடுங்கள். கதவு சாத்தியே இருக்கட்டும். ஜன்னலில் மின்விசிறி வைப்பதானால் அது வெளியே பார்த்து ஊத வேண்டும். அப்போது வீட்டுக் காற்று அறைக்குள் இழுக்கப்பட்டு வெளியே போகும். பலர் நோயாளிக்குக் காற்று வரட்டும் என்று உள்நோக்கி வைத்துவிடுகிறார்கள். அது அறைக்காற்றைக் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் தள்ளும்.

கழிவறைக்கு நேரம் பிரியுங்கள். காலையில் மற்றவர்கள் முடித்த பிறகு நோயாளி போகட்டும். போகும்போதும் வரும்போதும் முகக்கவசம் வேண்டும். அவர் வந்த பின் எக்ஸாஸ்ட் விசிறியை ஓடவிட்டு, ஜன்னலைத் திறந்து, குறைந்தது அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிறகு குழாய், தாழ்ப்பாள், ஃப்ளஷ் பொத்தான், சுவிட்ச் ஆகியவற்றைக் கிருமிநாசினியால் துடையுங்கள். பிரஷ், துண்டு, சோப்பு எல்லாம் அவருக்குத் தனி.

கவனித்துக்கொள்பவர் ஒரே ஆளாக இருக்கட்டும். முதியவரோ சர்க்கரை நோயாளியோ வேண்டாம். சாப்பாட்டை வாசலில் ஸ்டூலில் வைத்து, போனில் சொல்லிவிட்டு விலகுங்கள். பிறகு அவர் கதவைத் திறப்பார். பாத்திரத்துக்குச் சோப்பும் சுடுநீரும் போதும். துணியை உதறாமல் எடுத்துத் துவைத்து, நன்றாகக் காயப்போடுங்கள்.

நாள் கணக்கில்தான் பலர் தவறுகிறார்கள். 2020-ல் இருந்த கணக்குப்படி, லேசான நோய் என்றால், தனிமையை முடிக்க அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகியிருக்க வேண்டும். மாத்திரை இல்லாமலே கடைசி 24 மணி நேரம் காய்ச்சல் இருக்கக் கூடாது. வீட்டில் மற்றவர்கள், நோயாளியோடு கடைசியாகப் பழகிய நாளிலிருந்து 14 நாள் தனித்திருக்க வேண்டும் என்பதும் அப்போதைய கணக்கு. அவரை முழுமையாகப் பிரித்துவைக்க முடியவில்லை என்றால், அவருடைய தனிமை முடிந்த நாளிலிருந்துதான் அந்த 14 தொடங்கியது. இப்போது உங்கள் பகுதி சுகாதாரத் துறை சொல்லும் கணக்கையே பின்பற்றுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டரில் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, பேச்சில் குழப்பம் தெரிந்தாலோ மருத்துவமனைக்குப் போகத் தாமதிக்காதீர்கள். நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு அளக்க வேண்டும். அடைத்த அறையில் இருப்பவருக்கு மனமும் சோரும். தினமும் போனில் அவரோடு நிதானமாகப் பேசுங்கள்.

கேள்வி: பிளீச்சிங் திரவத்தை எவ்வளவு கலப்பது?

பதில்: புட்டியில் உள்ள சதவீதத்தைப் பாருங்கள். தரை, கைப்பிடிகளுக்கு வேண்டியது 0.1 சதவீதம். 5 சதவீதத் திரவம் என்றால் 980 மில்லி தண்ணீருக்கு 20 மில்லி. 2.5 சதவீதம் என்றால் 960க்கு 40. பச்சைத் தண்ணீரையே பயன்படுத்துங்கள். சுடுநீரில் வீரியம் போய்விடும். தண்ணீரை முதலில் ஊற்றி, திரவத்தைப் பிறகு சேருங்கள். அழுக்கு இருந்தால் முதலில் சோப்பால் கழுவ வேண்டும், ஏனென்றால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். தடவியவுடன் துடைக்காமல் சில நிமிடம் ஈரமாக விடுங்கள். தினமும் புதிதாகக் கலக்க வேண்டும்.

கழிவறை அமிலத்தோடு இதைக் கலக்கவே கூடாது: நச்சான குளோரின் வாயு வரும். அமோனியா உள்ள திரவங்களோடும் கூடாது. மனிதர்கள்மேல் தெளிப்பதும் தவறு. கண்ணும் தோலும் மூச்சுக்குழாயும் எரியும், உடலுக்குள் இருக்கும் கிருமிக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: காய்கறியைச் சோப்புப் போட்டுக் கழுவலாமா?

பதில்: வேண்டாம். ஓடும் நீரில் கழுவினால் போதும். சோப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தியும் பேதியும் வரலாம். பொருள்களை எடுத்துவைத்த பின் 20 விநாடி கை கழுவுவதுதான் முக்கியம்.

கேள்வி: அண்ணன் குடும்பம் பார்க்க வருகிறேன் என்கிறது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வேண்டாம் என்றால் வருத்தப்படுவார்கள். எப்படிச் சொல்வது?

பதில்: ஊரடங்கு விதி தடுத்தால் பேச்சே இல்லை, போனில் பாருங்கள். அனுமதி இருந்தால், வாசலில் வந்து நின்ற பிறகு தயங்காமல், வருகிறேன் என்று சொல்லும்போதே பேசிவிடுங்கள்: “வாங்க அண்ணா, வெளியில உட்கார்ந்து பேசுவோம், எல்லாரும் மாஸ்க் போட்டுக்குவோம்.” நாற்காலிகளை அவர்கள் வரும் முன்பே ஆறடி தள்ளிப் போட்டு வையுங்கள், வந்த பிறகு நகர்த்தினால்தான் மனம் நோகும். நமக்கு வேண்டியவர்களிடம் ஏனோ நோய் இருக்காது என்று நினைத்துவிடுகிறோம், முகக்கவசம் இறங்குவதும் அவர்கள் முன்னால்தான். சாப்பிட எதுவும் கொடுப்பதானால் பொதுத் தட்டில் வைக்காமல் ஆளுக்குத் தனியாகக் கொடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அவர் நாற்காலியைக் காற்று வரும் பக்கமாகப் போடுங்கள். மழை வந்தால் எல்லோரும் உள்ளே ஓடி வருவது இயல்பு. அப்படி நேர்ந்தால் சந்திப்பை இன்னொரு நாளுக்குத் தள்ளிவைப்போம் என்பதையும் அண்ணனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.