நாலு ஓட்டும் உங்கள் ஓட்டா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்னதாக ஹோட்டல் நடத்துகிறேன். மகள் பாலக்காட்டில் பி.காம். இரண்டாம் வருடம். கல்லூரி யூனியன் தேர்தலில் நிற்கப் போகிறாளாம். கொடி பிடிக்கவா படிக்க அனுப்பினேன்? எங்கள் வீட்டில் ஒழுங்கு உண்டு. பஞ்சாயத்துத் தேர்தலில்கூட நாலு ஓட்டும் நான் சொன்ன சின்னத்துக்குத்தான் விழுந்தது. பேசாமல் கோவைக் கல்லூரி எதிலாவது சேர்த்துவிடலாமா?

பதில்: ஐயா, ஆபத்தே இல்லை என்று எழுத மாட்டேன். 2018-ல் எறணாகுளம் மகாராஜாஸ் கல்லூரியில் மாணவர் அமைப்பு மோதலில் குத்திக் கொல்லப்பட்ட அபிமன்யு, எல்லையோர வட்டவடையிலிருந்து படிக்கப் போன பையன். படிப்பு கெடும் என்ற பயத்துக்கு மட்டும் ஒரு விவரம்: மாணவர் தேர்தல்களுக்கான லிங்தோ குழு சொல்லி, 2006-ல் உச்ச நீதிமன்றம் ஏற்ற விதிப்படி, அந்த வருடம் அரியர் இருந்தால் நிற்க முடியாது. வருகை 75 சதவீதம் வேண்டும். செலவும் 5,000 ரூபாய்க்குள்தான்.

என்னை உறுத்துவது அந்த நாலு ஓட்டு. உங்களுக்கு எப்படித் தெரியும்? மெஷின் வந்து சொல்லிற்றா? அரசியலே வேண்டாம் என்கிற நீங்கள் வீட்டுக்குள் ஒரு கட்சியே நடத்துகிறீர்கள்! மகள் விஷயத்தில் உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வரி கிடையாது.

பெற்றவர் சொல் கேட்க வேண்டும் என்பதில் நான் பழைய ஆள்தான். எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும், யாரோடு போகக் கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு; கேட்பது அவள் கடமை. ஓட்டு அந்தக் கணக்கில் வராது. 21 வயதுக்குத்தான் என்றிருந்ததை 1989-ல் நாடு 18 ஆக்கியது அவளுக்காக, உங்களுக்கு இன்னொரு ஓட்டு கூடட்டும் என்று அல்ல.

அவள் பஸ்ஸில் கன்செஷனில் போகிறாள் அல்லவா? 1958-ல் கேரளத்தின் குட்டநாட்டில் மாணவர்களின் ஓரணா படகுக் கட்டணத்துக்காக ‘ஓரணா சமரம்’ என்ற போராட்டம் நடத்தியவர்களும் மாணவர்கள்தான். அவர்களுடைய அப்பாக்களும் உங்களைப் போலத்தான் கத்தியிருப்பார்கள்.

கோவை வேண்டாம். எந்த அமைப்பு, எந்தப் பதவி என்றுகூட நீங்கள் எழுதவில்லை. கேட்கவே இல்லை போலிருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள். வெளியாட்கள் வருகிறார்களா, கூட நிற்பவர்களில் அடிதடி வழக்கு யார்மேலாவது இருக்கிறதா என்றும் கேளுங்கள். பதில் சரியில்லையென்றால் தடுங்கள், நானும் உங்கள் பக்கம்தான்.