கூடை எடுக்கச் சொல்கிறார்கள், கூடையைத் தொடாதே என்கிறார்கள்!

கொரோனா காலத்தில், கடைக்குக் கடை கட்டுப்பாடு இருந்தபோது வந்த கேள்வியும் அப்போது சொன்ன பதிலும் இவை.

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறைதான் கடைக்குப் போகிறேன், போகும்போதெல்லாம் விதி மாறியிருக்கிறது. ஒரு கடையில் கூடை இல்லாமல் உள்ளே வரக்கூடாது என்றார்கள், அடுத்த கடையில் கூடையைத் தொடாதீர்கள் என்றார்கள். போன வாரம் தரையில் ஒட்டியிருந்த அம்புக்குறியைக் கவனிக்காமல் எதிர்ப்பக்கமாக நடந்துவிட்டேன், ஒருவர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அதிலிருந்து கடை வாசலைப் பார்த்தாலே படபடப்பு. நான் எதைத்தான் கேட்பது?

பதில்: முதலில் ஒன்று, நீங்கள் செய்தது தப்பே இல்லை. அலமாரியைப் பார்த்து நடக்கிறவர் தரையைப் பார்க்க மாட்டார், அவ்வளவுதான். குழப்பமும் உங்களுடையது இல்லை. உலக சுகாதார நிறுவனம் குறைந்தது 1 மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னது, ஜெர்மனி 1.5 மீட்டர் என்றது, பிரிட்டன் 2 மீட்டரில் தொடங்கியது. இடைவெளி விட முடியாத இடங்களில் பொதுமக்களும் முகக்கவசம் போடலாம் என்று அதே நிறுவனம் விரிவாகச் சொன்னதே 2020 ஜூன் 5 அன்றுதான். மேலிடத்திலேயே இப்படி ஆளுக்கொன்று சொன்னால் கடைக்காரர் என்ன செய்வார்?

அந்தக் கூடை விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கூடை கட்டாயம் என்றால் பெரும்பாலும் அது தலை எண்ணுகிற வேலை: 20 கூடை மட்டும் வெளியே வைத்தால் உள்ளே 20 பேருக்கு மேல் இருக்க முடியாது, வாசலில் நிற்பவர் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டாம். கூடை வேண்டாம் என்கிற கடை, பல கை பட்ட பிடியை நினைத்துப் பயப்படுகிறது. அம்புக்குறி எதற்கென்றால், குறுகலான வழியில் இரண்டு பேர் நேருக்கு நேர் வந்து ஒருவர் முகத்தில் ஒருவர் மூச்சு விடாமல் இருக்க. கூட்டம் குறைய வேண்டும், முகங்கள் விலகி இருக்க வேண்டும், கை சுத்தமாக இருக்க வேண்டும், எல்லா விதியும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான். இது பிடிபட்டுவிட்டால் புதுக் கடையிலும் பாதியை நீங்களே ஊகித்துவிடலாம்.

நெற்றியில் காட்டுகிற வெப்பமானியை மட்டும் ரொம்ப நம்பாதீர்கள். காய்ச்சல் வருவதற்கு முன்பே ஒருவரிடமிருந்து தொற்று பரவும், அதனால் உள்ளே விட்டுவிட்டார்கள் என்று முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்க வேண்டாம். வாசலில் கொடுக்கிற சானிடைசரைக் காயும்வரை தேய்த்துவிட்டு அப்புறம் சாமானைத் தொடுங்கள்.

அடுத்த முறை வாசலில் ஒரு நிமிடம் நின்று, அங்கே இருப்பவரிடம் "எந்தப் பக்கமா போகணும், பணம் எங்கே கட்டணும்?" என்று இரண்டே கேள்வி கேளுங்கள். அவரும் நாள் முழுக்க ஏச்சு வாங்குகிறவர், நிதானமாகக் கேட்டால் நிச்சயம் சொல்வார். காது மந்தமானவர்களுக்குத்தான் இப்போது பெரிய கஷ்டம், முகக்கவசம் மறைப்பதால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளவும் வழியில்லை, நடுவில் பிளாஸ்டிக் தடுப்பு வேறு. உங்களுக்கோ வீட்டுப் பெரியவருக்கோ அப்படி இருந்தால் கூச்சப்படாமல் காதைத் தொட்டுக் காட்டி, எழுதிக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சின்னத் தாளும் பேனாவும் பையிலேயே இருக்கட்டும்.